என் வீட்டில் அவள் பெயர் ஜோசஃபின்

பூனைக்குத் தினமும் பல் தேய்த்துவிட வேண்டும் என்பது இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேர் தெரிந்தும் செய்வதில்லை. நீங்கள் நாய் வளர்ப்பவர் என்று உங்கள் கால்சட்டையில் ஒட்டியிருக்கும் முடியே சொல்கிறது, மிஸ் சொவாடா. ஆகையால் உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை. ஒலிப்பதிவு ஓடட்டும். வழக்கறிஞர் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவர்கள் நடுவில் புகுந்து பேச்சைக் கெடுப்பார்கள், எனக்கு அது பிடிக்காது.

முப்பத்தோரு வருஷம் விலங்கு மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்தவள் நான். ஊரில் யார் எதை எப்படி நேசிக்கிறார்கள் என்று என்னைக் கேட்டால் சொல்வேன். "இவ எனக்குப் பொண்ணு மாதிரி, மார்லிஸ்" என்று வாய் கிழியப் பேசுவார்கள். அந்தப் பெண்ணுக்குப் போட வேண்டிய ஊசியை, மீன்பிடி சீசன் திறக்கிற வாரம் என்று சொல்லி ஒரு மாதம் தள்ளிப்போடுவார்கள். ஹாலோவீனுக்குப் பூனைக்குப் பூசணிக்காய் வேஷம் போட்டு ஒருத்தி ஊர் முழுக்கப் படம் அனுப்பினாள். அந்தப் படத்திலேயே பூனையின் தாடை வீங்கியிருந்தது. நாலு நாளாக அது எதையும் மெல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியாது, படத்துக்கு எத்தனை பேர் பாராட்டு போட்டார்கள் என்பது தெரியும். இவர்கள் எல்லோரையும் நான் சிரித்த முகத்தோடுதான் வரவேற்றேன். மனதில் எது இருந்தாலும் வெளியே சிரிக்கிற இந்த மாநிலத்தில் பிறந்தவளுக்கு அது ஒன்றும் பெரிய காரியமில்லை.

எனக்கும் பூனைகள் இருந்தன. மூன்று. மூன்றும் சீக்கிரமே போய்விட்டன, பிறவியிலேயே பலவீனமான குட்டிகள். அதற்குப் பிறகு விலங்குக் காப்பகத்தில் எனக்குத் தர மறுத்துவிட்டார்கள். அங்கே கெல்சி என்று ஒரு பெண் இருக்கிறாள், மூக்கில் வளையம் போட்டவள். "உங்க பேருக்கு நேரா ஒரு குறிப்பு இருக்கு, மேடம், நான் என்ன பண்றது" என்றாள். குறிப்பு எழுதுவது எப்படி என்று அந்தக் காப்பகத்துக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அதை அவளிடம் சொல்லிப் பயனில்லை என்பதால் சொல்லவில்லை.

ஆர்வில் ஹாகன் விஷயத்துக்கு வருகிறேன். அதற்குத்தானே நீங்கள் காப்பியெல்லாம் வாங்கி வந்திருக்கிறீர்கள்.

ஆர்வில் என் பக்கத்து வீட்டுக்காரர். எழுபத்தொன்பது வயது. இரும்புத் தாது ஏற்றும் கப்பல்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி லாவோன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். போகும்போது தன் பூனையை அவர் மடியில் வைத்துவிட்டுப் போனாள். பெண் பூனை, சாம்பல் நிறம், நாலு பாதமும் வெள்ளை, அரண்மனையில் இருக்க வேண்டிய முகம். அப்படிப்பட்டவளுக்கு அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் வைத்திருந்த பெயர் பிக்கிள். ஊறுகாய். தட்டின் ஓரத்தில் வைப்பதை ஒரு ஜீவனுக்குப் பெயராக வைத்தவர்களிடம் வேறு எதை எதிர்பார்ப்பது.

அவர் அவளை வளர்த்த அழகைக் கேளுங்கள். தான் தின்னும் உப்பு மீனில் பாதியை அவளுக்குப் பிய்த்துப் போடுவார். காலையில் காப்பிக்கு ஊற்றும் கிரீமில் விரலை நனைத்து நக்கவிடுவார். அவள் பதினைந்து பவுண்டு எடை, பல்லெல்லாம் மஞ்சள். டி.வி.யில் ஹாக்கி ஆட்டம் ஓடும்போது வயிற்றின் மேல் படுக்கவைத்துக்கொண்டு, "பாத்தியாடி பிக்கிள், நம்ம பசங்க இன்னிக்கும் கோட்டை விட்டானுங்க" என்று பேசிக்கொண்டிருப்பார். என் சமையலறை ஜன்னலிலிருந்து எல்லாம் தெரியும். அவள் முகத்தில் எவ்வளவு சகிப்புத்தன்மை என்று நினைத்துக்கொள்வேன்.

நவம்பரில் அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. நாலு நாள் நகரத்து ஆஸ்பத்திரியில் இருந்தார். சாவியை என்னிடம் கொடுத்து, "மார்லிஸ், தண்ணியும் சாப்பாடும் வச்சாப் போதும். பேச்சுத்துணைக்கு ரேடியோவ மட்டும் போட்டு விட்டுரு, தனியா இருந்தா பயப்படுவா" என்றார். ரேடியோவை நான் போடவில்லை. மூன்றாம் நாள் அவள் சோபாவின் அடியிலிருந்து வெளியே வந்து, என்னிடமிருந்து இரண்டடி தள்ளி உட்கார்ந்து, கண்ணை மெதுவாக ஒரு தடவை மூடித் திறந்தாள். நாய்க்காரர்களுக்கு இது புரியாது. பூனை அப்படிச் செய்தால் ஒப்புதல் கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. நான் முடிவெடுத்தேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன், அவள் எடுத்தாள்.

கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிறு. ஆர்வில் சர்ச்சுக்குப் போய்விட்டு, அங்கேயே கீழ்த்தளத்தில் காப்பி குடித்து, பன்றி இறைச்சி சாண்ட்விச் தின்று, வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வர எப்படியும் இரண்டு மணி நேரமாகும். சாவியை அவர் திருப்பிக் கேட்டிருக்கவில்லை. இங்கே யாரும் கேட்க மாட்டார்கள், கேட்டால் எதிராளியைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும். தலையணை உறை ஒன்றைக் கொண்டுபோனேன். கையில் நாலைந்து கீறல் விழுந்தது. அவசரமாக எடுத்ததால் வந்தது, அவள் மேல் தவறில்லை. வரும்போது அவர் வீட்டுப் பின்கதவை ஒரு சாண் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.

மத்தியானம் வந்து என் கதவைத் தட்டினார். தொப்பியைக் கையில் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"மார்லிஸ், பிக்கிள் இந்தப் பக்கம் வந்தாளா? பின்கதவ சரியாச் சாத்தாமப் போய்ட்டேன் போல. என் தப்புதான். லாவோன் என்கிட்ட விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான், அதையும் என்னால பாத்துக்க முடியலையே."

"வயசாயிடுச்சு இல்லியா, ஆர்வில். நடக்கிறதுதான்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். வயதான மனிதர்தான், கதவைச் சாத்தத் தெரியாதவர்தான். அன்றைக்கு இல்லாவிட்டாலும் என்றைக்காவது ஒருநாள் திறந்துபோட்டிருப்பார்.

ஜோசஃபினை நான் எப்படி வைத்துக்கொண்டேன் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். மாடி அறை முழுக்க அவளுக்கு. வெப்பம் எழுபது டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போகவிட்டதில்லை. காற்று வறண்டுபோகாமல் இருக்க ஈரப்பதமூட்டும் கருவி. காலை ஏழு மணிக்கு ரோமம் வாருதல், ஏழேகாலுக்குப் பல், ஏழரைக்கு அளந்து வேகவைத்த கோழி நெஞ்சு, உப்பில்லாமல். அவளுடைய எடையைத் தினமும் எழுதினேன். ஏழே வாரத்தில் பதினைந்து பவுண்டிலிருந்து பத்துக்குக் கொண்டுவந்தேன். இந்த ஊரில் வேறு யாருக்கு அந்தப் பொறுமை இருக்கிறது. முதல் வாரம் ராத்திரி பகலாகக் கத்தினாள், கெட்ட பழக்கங்கள் விடும்போது அப்படித்தான் இருக்கும். மருத்துவமனையில் பயந்த பூனைகளுக்குக் கொடுக்கும் மாத்திரை என்னிடம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கோழியில் பாதி மாத்திரை வைத்தேன், பிறகு முழுதாக. சத்தம் நின்றது. பெரும்பாலும் குளியல் தொட்டிக்கு அடியில் இருப்பாள். கூட்டம் பிடிக்காத சுபாவம், என்னைப் போலவே.

ஆர்வில் ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டினார். தபால் நிலையம், மளிகைக் கடை, நான் வேலை பார்த்த மருத்துவமனை, எல்லா இடத்திலும் அந்த அழகியின் மிக மோசமான படம், கீழே பிக்கிள் என்று கொட்டை எழுத்து. தினமும் சாயங்காலம் நாலு மணிக்குப் புதிய முழங்காலை இழுத்துக்கொண்டு தெருவில் போவார். கையில் அவள் தின்னும் பிஸ்கட் டப்பா, அதைக் குலுக்கிக்கொண்டே, "பிக்கிள், வாடி கண்ணு, வீட்டுக்கு வாடி" என்று கூப்பிடுவார். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் காரில் போகும்போது அவரைப் போலவே கூப்பிட்டுச் சிரித்தார்கள். டப்பா சத்தம் கேட்டதும் ஜோசஃபின் தொட்டியடியிலிருந்து பாய்ந்து வந்து மாடி ஜன்னல் கண்ணாடியை இரண்டு கையாலும் பிறாண்டுவாள். அந்த இரைச்சல் அவளுக்கு அவ்வளவு எரிச்சலாக இருந்தது. ஜன்னலுக்கு அட்டை அடித்தேன்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, வீட்டு வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தேன். வேலியோரம் வந்து நின்றார். பத்து வருஷம் கூடிப்போன முகம். முதலில் குளிரைப் பற்றிப் பேசினார். பிறகு என் பனி வாரும் இயந்திரத்தைப் பற்றி. இங்கே யாரும் வந்த விஷயத்தை நேராகச் சொல்ல மாட்டார்கள்.

"கெல்சிப் பொண்ணு சனிக்கிழம வர்றா, மார்லிஸ். பிக்கிளுக்குத் தோலுக்கடியில சிப் வச்சிருக்கோம் இல்ல, அதப் படிக்கிற மிஷினோட வர்றா. யாராவது தெரியாம எடுத்து வச்சிருக்கலாம்ங்கிறா. தெருவுல வீடு வீடா ஏறிக் கேக்கப் போறோம்." காலைப் பார்த்தார், பனியைப் பார்த்தார். "உன் வீட்லேந்து ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். நீ ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டல்ல? போன மாசம் உன் மாடி ஜன்னல்ல என்னமோ அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. என் கண்ணு சரியில்ல, திரையாக் கூட இருக்கும்."

"தாராளமா வாங்க, ஆர்வில். காப்பி போட்டு வைக்கிறேன்" என்றேன்.

அதாவது, சனிக்கிழமை அவளை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டுபோய் மறுபடியும் உப்பு மீனுக்கும் ஹாக்கிக்கும் நடுவில் போட்டுவிடுவார்கள். அவள் பொருட்டு நான் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. அவளால் தனக்காகப் பேச முடியாது. எனக்கு முடியும்.

வியாழக்கிழமை மத்தியானம் ஹாட்டிஷ் செய்தேன். அரைத்த மாட்டிறைச்சி, காளான் சூப், மேலே உருளைக்கிழங்குத் துண்டுகள், ஓவனில் ஒரு மணி நேரம். துக்கப்படுகிறவர் வீட்டுக்கு இங்கே அதைத்தான் கொண்டுபோவோம். மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய சமையலறை மேசையில் காப்பகத்துக்காரர்கள் கொடுத்த தாள் கிடந்தது, காணாமல்போன பூனையைத் திரும்ப வரவைப்பது எப்படி என்று. நீங்களும் அதை எடுத்து வைத்திருக்கிறீர்கள், பார்த்தேன். மணல் தட்டை வாசலில் வை, உன் வாடை உள்ள துணியைப் போடு, கராஜ் கதவை ஓரடி தூக்கி வைத்துவிட்டு உள்ளே அசையாமல் உட்கார்ந்து காத்திரு. எல்லாம் அச்சில் உள்ளது. நான் சொன்னதில் முக்கால்வாசி அதிலேயே இருக்கிறது.

"பழைய பனியன் போட்டேன், மார்லிஸ். தட்டும் வச்சேன். ஒண்ணும் நடக்கல" என்றார்.

"பனியன்ல என்ன வாடை இருக்கும், தோச்சது. இப்ப போட்டிருக்கீங்களே, அந்தக் கோட்டு. அத வெளியில போடுங்க. இந்தக் குளிர்ல ஒடம்புச் சூடோட இருக்கிற துணி வாடைதான் தூரம் போகும். இன்னிக்குக் காத்தும் ஏரிப் பக்கமிருந்து அடிக்குது."

"கராஜ்ல ஹீட்டர் இருக்கு, அதப் போட்டுக்கிட்டு..."

"ஹீட்டர் உறுமுமே, வருவாளா? வெளக்கையும் அணைச்சிடுங்க. செல்ஃபோன வீட்டுக்குள்ளயே வச்சிருங்க, மணி அடிச்சா ஓடிடுவா. சத்தம் கேட்டாலும் எந்திரிக்காதீங்க, ஆர்வில். எந்திரிச்சீங்கன்னா அதோட போச்சு. அவளா உங்க காலடிக்கு வரணும். எங்க மருத்துவமனையில எத்தன பேருக்கு இப்படித் திரும்பக் கெடச்சிருக்கு தெரியுமா?"

ஒருவருக்குக்கூட அப்படிக் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அவர் கண்ணில் நீர் தளும்பிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கை மீன் வாடை அடித்தது.

"ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரந்தானே. கப்பல்துறையில இதவிட மோசமான குளிர்ல எட்டு மணி நேரம் நின்னவன் நான்" என்றார். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி அன்று. இந்த ஊர் ஆண்களிடம் குளிர் என்று சொன்னால் போதும், மார்பை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்துவிடுவார்கள். தொப்பி போடாமல் பனியில் நின்று சிகரெட் பிடிப்பதை ஒரு சாதனையாகப் பேசுகிற கூட்டம். நான் அவரைக் கட்டிப்போடவில்லை, மிஸ் சொவாடா. தள்ளிவிடவும் இல்லை. ஒரு நாற்காலியைக் கராஜ் நடுவில் எடுத்துப் போட உதவினேன், அவ்வளவுதான்.

நாலரை மணிக்கு விளக்கு அணைந்தது. நான் ஜோசஃபினின் சாப்பாட்டைக் கவனிக்கப் போனேன். அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. கோழியை விரலால் உதட்டில் தடவினாலும் திருப்பிக்கொண்டாள். முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. நாலாவது முறையாக அதைத் தாங்க என்னால் முடியாது.

அப்போதுதான் அந்தக் கோட்டு ஞாபகத்துக்கு வந்தது. நல்ல கம்பளிக் கோட்டு, லாவோன் வாங்கிக் கொடுத்தது. மெத்தென்று இருக்கும், அவள் அதில் படுத்தால் ஒருவேளை சாப்பிடுவாள் என்று தோன்றியது. ஆறரை மணிக்குப் போனேன்.

கோட்டு கராஜ் கதவுக்கு வெளியே பனிமேல் விரித்துக் கிடந்தது. குனிந்து எடுத்தபோது பனி என் காலடியில் நெரிந்து சத்தம் கேட்டது. கதவுக்கு அடியில் ஓரடி இருட்டு. அதற்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. நாக்கு குழறியது.

"பிக்கிள்... வந்துட்டியாடி?"

நான் அசையவில்லை. பிறகு, "முடியலடி, நான் உள்ள போறேன்" என்று அவர் தனக்குத்தானே சொன்னது கேட்டது. நாற்காலி கிரீச்சிட்டது. எழுந்திருக்கப் பார்க்கிறார் என்று தெரிந்தது. எழுந்தால் ஐந்தே தப்படியில் சமையலறைக் கதவு, அதற்குள் வெப்பம், அதற்குப் பின்னால் சனிக்கிழமை.

முப்பத்தோரு வருஷமாக ஒரு நாளைக்கு ஐம்பது பூனைகளின் குரலைக் கேட்டவள் நான். கோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, மெதுவாக, ஒரே ஒரு தடவை, பூனை மாதிரிக் கத்தினேன்.

நாற்காலி மறுபடி கிரீச்சிட்டது. அவர் உட்கார்ந்துவிட்டார். "அங்கயே இரு கண்ணு, நான் அசையல, அசையவே மாட்டேன்" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதை ஒப்புக்கொள்கிறேன்.

காலையில் தபால்காரப் பெண் பார்த்துக் கத்தினாள். அப்புறம் நீங்கள் வந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவரை நான் பார்க்கவே இல்லை என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் தலையாட்டிவிட்டு, அவர் சமையலறையிலிருந்து எடுத்து வந்த கண்ணாடிப் பாத்திரத்தைத் திருப்பிக் காட்டினீர்கள். அடியில் ஒட்டியிருந்த டேப்பில் மார்லிஸ் டுவெட் என்று என் கையெழுத்து, பக்கத்தில் அந்த வியாழக்கிழமைத் தேதி. சர்ச் விருந்துகளில் பாத்திரம் மாறிப்போகாமல் இருக்க முப்பது வருஷமாக எழுதிப் பழகிய கை, தானாக எழுதிவிட்டது. பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கக்கூட அந்த மனிதருக்கு நேரமிருக்கவில்லை. அதற்குப் பிறகு, இவ்வளவு குளிரில் கோட்டில்லாமல் ஒருவர் எப்படி வெளியே வந்தார், கோட்டு எங்கே என்று கேட்டீர்கள். மாடியில் அட்டை அடித்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள். உங்களை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன்.

அவருடைய பெண் அரிசோனாவிலிருந்து வந்து, இதே மேசையில் என் எதிரில் உட்கார்ந்து அழுதாள். "ஒரு பூனைக்காகவா? ஒரு பூனைக்காகவா எங்கப்பாவக் கொன்னீங்க?" என்றாள். அந்த 'ஒரு' என்ற சொல்லைக் கவனித்தீர்களா. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் அவள் அருமை தெரிந்ததில்லை. தன் பூனை வந்துவிட்டது என்ற சந்தோஷத்தோடு அவர் போனார். கூப்பிட்டால் வருவாள் என்று நம்பிக்கொண்டே போவது எத்தனை பேருக்குக் கிடைக்கும். அந்தப் பெண் அவரைப் பார்க்க வந்து மூன்று வருஷமாகிறது.

ஆம், கொன்றேன். நேராகக் கேட்டால் நேராகச் சொல்கிறேன். அவர் உள்ளே போயிருந்தால் பிழைத்திருப்பார். போகவிடாமல் நான் செய்தேன், தெரிந்தே செய்தேன், இன்னொரு தடவை வந்தாலும் செய்வேன். தட்டச்சு செய்து கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஜோசஃபினைக் காப்பகத்தில் வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. அங்கே பல் தேய்க்க மாட்டார்கள், எடை பார்க்க மாட்டார்கள். என்னைக் காணாமல் அவள் என்ன பாடுபடுகிறாளோ. கெல்சி நேற்று உங்களிடம் தொலைபேசியில் சொன்னது என் காதில் விழுந்தது. கிண்ணம் நிறைய வைத்ததை ஒரே மூச்சில் காலிசெய்துவிட்டாளாம், இன்னொரு கிண்ணம் கேட்டுக் கத்தினாளாம். பிறகு மல்லாந்து, நாலு காலையும் விரித்துப் போட்டுக்கொண்டு, யார் தொட்டாலும் எழுந்திருக்காமல் பதினான்கு மணி நேரம் தூங்கினாளாம். பாவம், துக்கம் தாளவில்லை அவளுக்கு.